க்ரானிக்னா முத்திப்போச்சுன்னு அர்த்தமா?

ரிப்போர்ட்ல 'க்ரானிக்'னு இருந்தாப் போதும், "முத்திப்போச்சா டாக்டர்?"னு கலங்கிப்போய் வர்றவங்களை அடிக்கடி பார்க்கிறேன். 'அக்யூட்'னு இருந்தா அவ்வளவு பயம் இல்லை. ஆனா பல நேரம் அவசரம் அதில்தான்.

க்ரானிக், காலத்தைக் குறிக்கும் 'க்ரோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாள்பட்டது, அவ்வளவுதான். எவ்வளவு மோசம்னு அந்தச் சொல் சொல்லாது. சிறுநீரக பாதிப்பு 3 மாதத்துக்கு மேல் நீடித்தாலே க்ரானிக் என்போம். அதில் 5 நிலைகள். டயாலிசிஸ் பேச்சு பெரும்பாலும் கடைசி நிலையில்தான். முன்கூட்டியே கண்டுபிடிச்சு சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தால் பலருக்கு அந்த நிலை வராமலே வருடக்கணக்கில் ஓடும்.

அக்யூட்டின் மூலம் லத்தீன். பொருள், கூர்மை. கணக்குப் பாடத்தில் படிச்ச அக்யூட் ஆங்கிளும் இதே சொல்தான். மருத்துவத்தில் 'திடீர்னு வந்தது'. சாதாரண சளியும் அக்யூட், மாரடைப்பும் அக்யூட். சிறுநீரகம் திடீர்னு செயலிழந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும். நேரத்தோடு பார்த்தால் பலருக்கு அது மீண்டும் வேலை செய்யத் தொடங்கும்.

அதனால ரிப்போர்ட்டை வாங்கினதும் மருத்துவரிடம் ரெண்டு கேள்வி கேளுங்க. இது எத்தனை நாளா இருக்கு? இப்போ எந்த அளவில் இருக்கு? க்ரானிக், அக்யூட் ரெண்டும் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில்.