ஓட்டைப் பாய்

பண்டமாரானில் ஆறாம் ஆண்டு வகுப்பு. விண்கலத்தை நுண்ணலைக் கற்றையால் தள்ளலாம் என்று கூறி, ராபர்ட் ஃபார்வர்ட் 1985இல் முன்மொழிந்த ‘ஸ்டார்விஸ்ப்’ கலத்தைப் பலகையில் வரைந்தேன். ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள கம்பிவலைப் பாய். எடையோ 20 கிராம்தான்.

“ஐயா, ஓட்டைப் பாய் எப்படி ஓடும்?” என்றான் ஒரு மாணவன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். அவன் தலைகுனிந்தான்.

அன்றிரவு எங்கள் நுண்ணலை அடுப்பின் கதவைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதிலும் துளைகளே! ஆயினும், 12 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலைக்கு அச்சிறு துளைகள் சுவரைப் போன்றவை. மோதும் அலை திரும்புகிறது. திரும்பும்போது தடுத்ததைத் தள்ளுகிறது. ஆனால், நூறு கோடி வாட் ஆற்றல் முழுதும் எதிரொளித்தாலும் கிடைக்கும் விசை 6.7 நியூட்டன், ஏறத்தாழ 680 கிராம் அரிசியின் எடை. ஆகவேதான் பாய் இலேசாக வேண்டும். எடையைக் குறைப்பவை அந்த ஓட்டைகளே.

வலை உறிஞ்சும் அலை அதனைச் சூடாக்கும் என்பதும் பெருஞ்சிக்கல். திட்டம் இன்னும் ஏட்டளவில்தான் இருக்கிறது.

மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று அவன் கேட்டதே நான் கற்பித்திருக்க வேண்டிய பாடம்.

பெற்றோரே, பிள்ளைகளின் கேள்விக்குச் சிரிக்குமுன் சற்றே பொறுங்கள்.