சிலுக்கும் செம்மேட்டு டீக்கடையும்

1996 செப்டம்பர் 23 அன்று நடிகை சில்க் ஸ்மிதா சென்னையில் தன் வீட்டில் இறந்துபோனார். மறுநாள் பேப்பர் பஸ்ஸில் ஏறி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து எங்கள் செம்மேட்டுக்கு வந்தது. டீக்கடையில் ஒருவர் செய்தியைச் சத்தமாக வாசித்தார். இன்னொருவர் ஒரு கேலி சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். "வயசு என்னங்க போட்டிருக்கு?" என்றாள் மனைவி. 35 என்றேன். "உங்க கடைசித் தங்கச்சி வயசு" என்றாள். அவ்வளவுதான். அன்று சோறு இறங்கவில்லை.

ஏலூர்ப் பக்கத்து விஜயலட்சுமி. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது, சின்ன வயதில் கல்யாணம். அதிலிருந்து தப்பிச் சென்னைக்கு வந்து, நடிகைகளுக்கு டச்சப் போடும் வேலை பார்த்தவர். 1980இல் வினுசக்கரவர்த்தி 'வண்டிச்சக்கரம்' படத்தில் சாராயக் கடைப் பெண்ணாக அறிமுகப்படுத்தினார். பாத்திரத்தின் பெயர் சிலுக்கு. அதுவே கடைசிவரை ஒட்டிக்கொண்டது. 450 படங்களுக்கு மேல் என்கிறார்கள். சின்ன பட்ஜெட் படங்கள் விற்காமல் பெட்டியில் தூங்கும். சிலுக்கு ஆட்டம் ஒன்றைச் சேர்த்தால் விற்றுவிடும். லாபம் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். சொந்தமாகப் படம் எடுக்கப் போனபோது இவருக்கு நஷ்டம்தான்.

சேந்தமங்கலத்துக்கு இறங்கிப் படம் பார்த்த காலத்தில், அவர் பாட்டு முடிந்ததும் பாதிப் பேர் பீடி குடிக்க வெளியே போவோம். பிறகு அந்தப் பெண் எப்படி நடித்தார் என்று யாருக்குத் தெரியும்?

பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981) மட்டும் உட்கார வைத்தது. ராதாவுக்கு அண்ணியாக, தியாகராஜனுக்கு மனைவியாக வருவார். முதலில் விசில் பறந்தது. ஆட்டமே இல்லை என்று தெரிந்ததும் கொட்டகை அடங்கிப்போனது. அந்தக் கண்கள் பயத்தையும் கோபத்தையும் சேர்த்துக் காட்டின. நல்ல நடிகை ஐயா! அப்படிப்பட்ட வேஷங்கள் அவருக்கு அதிகம் தரப்படவில்லை.

எங்கள் மலைக்கு ஒரு கொல்லிப்பாவை உண்டு. சங்கப் பாட்டிலேயே வருகிறாள். சிரித்து மயக்கி ஆளைக் கொல்வாள் என்பது கதை. அவளைச் செய்து வைத்தது ஒரு பூதம். பழி மட்டும் பாவைக்கு.

போன மாதம் டிவியில் 'அலைகள் ஓய்வதில்லை' போட்டார்கள். "இந்தப் பொண்ணுதானே அன்னிக்கு?" என்றாள் மனைவி. ஆமாம் என்றேன். டீக்கடையில் சிரித்ததை 29 வருடம் கழித்து அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். அவள் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.