சேஸும் பொட்டாஷும்

"கடலே இல்லாத ஊர்ல லாரி எப்படி சித்தப்பா இப்படித் துருப்பிடிக்குது?"ன்னு சென்னையில இருக்கிற அண்ணன் மகன் கேட்டான். கடல் இல்லைதான், உப்பு இருக்கே! பொட்டாஷ் உரமும் ஒரு உப்புதான், பொட்டாசியம் குளோரைடு. மூட்டை கிழிஞ்சு சிந்தினா ஈரத்துல கரைஞ்சு, பலகை இடுக்கு வழியா இறங்கி சேஸ்ல தங்கிக்கும். ஆனி, ஆடியில கேரளாப் பக்கம் மழை பெய்யுறப்போ கம்பம் பள்ளத்தாக்குல சாரல். இரும்பு காயவே காயாது.

எங்களோடது பழைய டாடா 407. வாழைத்தாரு ஏத்திக்கிட்டு குமுளி மலை ஏறுற வண்டி. லோயர் கேம்ப் தாண்டி வளைவுல திரும்புறப்போ பாரம் மொத்தமும் சேஸைத்தான் முறுக்கும். ஓட்டுறது என் மகன்.

எட்டு வருசம் தாண்டின லாரிக்கு வருசா வருசம் எஃப்.சி. காட்டணும். அதுக்கு முந்தின வாரம் துருவுக்கு மேலேயே கறுப்புப் பெயிண்டை அடிச்சு விட்டுருவாய்ங்க. எனக்கு அது பிடிக்காது. பெயிண்டுக்கு அடியில துரு செதில் செதிலா உப்பிக்கிட்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

எங்க வீட்டு வழக்கம் வேற. வாட்டர் சர்வீஸ் விட்டு, சேஸ்ல இருக்கிற ஓட்டைகள்ல அடைச்ச சேத்தைக் கம்பியால குத்தி எடுப்போம். தண்ணி தேங்குறது அங்கதான். வெயில்ல காஞ்சதும் சின்னச் சுத்தியலால அடி அடியாத் தட்டிக்கிட்டே போகணும். நல்ல இரும்பு 'ணங்'குன்னு பேசும். அரிச்ச இடம் 'தொப்'புங்கும். கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, இடுக்குல துருநீக்கி தடவுவோம். அதுல இருக்கிற பாஸ்பாரிக் அமிலம் துருவை பாஸ்பேட்டா மாத்திரும். டெல்லி இரும்புத் தூண் 1600 வருசமா நிக்கிறதுக்கும் அந்த இரும்புல உள்ள பாஸ்பரஸ்தான் காரணம்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. அப்புறம் ரெட் ஆக்சைடு, அது காஞ்சபிறகுதான் கறுப்பு.

பழைய ஆயிலை அடிச்சு விடுறவங்களும் உண்டு. துருவுக்குக் கேக்கும்தான். ஆனா ரப்பர் புஷ்ஷு ஊறி உப்பிப் போகும், சொட்டுறது நம்ம தோட்டத்து மண்ணுலதான்.

இந்தத் தடவை பின்பக்கக் கிராஸ் மெம்பர் ஒண்ணு 'தொப்'புன்னுருச்சு. "ஒட்டுப் போட்டு ஓட்டலாம்ணே, அடுத்த வருசம் பாத்துக்கலாம்"னாரு வெல்டர். வேற மாத்தச் சொல்லிட்டேன். வேலை முடிய நாலு நாளாகும். அதுவரைக்கும் நம்ம தாரு அடுத்தவர் வண்டியில மலை ஏறுது. வாடகை கடிக்கத்தான் செய்யுது.