கண்ணியைக் கழற்றினோம், கறியை என்ன செய்வது?



இறுப்பிட்டி, புங்குடுதீவு உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. எங்கள் சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வளவு வளவாக என்ன தேடித் திரிகிறார்கள் என்று பலர் கேட்கிறீர்கள். சிலர் கோபத்தோடும் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறோம். “நாங்கள்” என்று சொல்வது இந்த வேலையைப் பொறுப்பெடுத்திருக்கும் இரண்டு ஆசிரியைகளும் பன்னிரண்டு பிள்ளைகளும்தான்.

போன மாரி தொடங்கிய நேரம். தரம் எட்டுப் பொடியன் ஒருவன் முதலாம் பாடம் முடிந்த பிறகுதான் வந்தான். கையில் ஓர் ஆட்டுக்குட்டி. “ரீச்சர், இதின்ரை காலைப் பாருங்கோ” என்றான். பின்னங்காலில் சைக்கிள் பிரேக் கம்பி இறுகிக் கிடந்தது. குட்டி இழுக்க இழுக்க அது சதையை அறுத்து எலும்பு வரைக்கும் போயிருந்தது. காவலாளி ஐயா குறடு கொண்டுவந்து வெட்டினார். உயிர் தப்பியது, பாதம் தப்பவில்லை. அது அவனுடைய அம்மம்மாவின் ஆடு. பக்கத்து ஆளில்லா வளவில் யாரோ முயலுக்கு வைத்த கம்பி.

அந்தச் சனிக்கிழமைதான் முதன்முதலாக நடந்தோம். ஆளில்லாத வளவுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1991 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பாத குடும்பங்கள் எத்தனை. கூரை விழுந்த வீட்டுக்குள் ஆலங்கன்று நிற்கிறது, கதியால் இருந்த இடமெல்லாம் வடலியும் பற்றையுமாகக் கிடக்கிறது. மனிதர் போன இடத்துக்கு முயலும் கவுதாரியும் வந்தன. அவற்றுக்குப் பின்னால் கண்ணியும் வந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை அல்லவா.

எங்கள் இருவரில் ஒருவருடைய குடும்பம் 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வேண்டி வந்த முஸ்லிம் குடும்பம். மற்றவருடையது 1991இல் இந்தத் தீவை விட்டுப் போன குடும்பம். பூட்டிவிட்டுப் போன வீட்டுக்குள் யார் யார் என்னவெல்லாம் செய்தார்கள் என்று திரும்பி வந்து பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே “ஆளில்லாத வளவுதானே” என்ற பேச்சு எங்களுக்குச் சும்மா கேட்டுவிட்டுப் போகிற பேச்சு இல்லை.

முதல் நாள் ஒன்பது கம்பிக் கண்ணிகள் எடுத்தோம். அடுத்த கிழமை பரவைக்கடல் பக்கம் போனோம். அங்கே வேறு மாதிரி. வத்துக்கு நீர் இறங்கினதும் சேற்றில் இரண்டு தடியை நட்டு, நடுவில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் தங்கூசியால் வளையம் வளையமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பறவை பறந்து வந்து மாட்டுவதில்லை, இரை தேடி நடந்து வந்து மாட்டுகிறது. கால் சிக்கியதும் பறக்கப் பார்க்கும். பறக்கப் பார்த்தால் இறுகும். ஒரு வரிசையில் கருவால் மூக்கன் ஒன்று செத்துக் கிடந்தது. அதன் நீண்ட மூக்கு சேற்றுக்குள் புதைந்திருந்தது.

வாடை பெயரும்போது இந்தப் பறவைகள் வருவதும் சோழகம் தொடங்க முன் போவதும் நாம் எல்லோரும் சின்ன வயதில் இருந்து கண்டதுதான். மத்திய ஆசிய வலசைப் பாதை என்று சொல்வார்கள். சைபீரியாப் பக்கத்தில் இருந்தும் வரும் அந்தப் பாதையின் தெற்கு அந்தத்தில் எங்கள் நாடு இருக்கிறது. அத்தனை தூரம் பறந்து, களைத்து, இறங்கி, முதல் இரை தேடி நடக்கிற இடத்தில்தான் அந்தத் தங்கூசி.

கண்ணி ஆள் பார்த்துப் பிடிப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்சபான தோட்டப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியில் மாட்டியது பலருக்கு ஞாபகம் இருக்கும். இலங்கையில் கருஞ்சிறுத்தையைக் காண்பதே அபூர்வம். உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் அது பிழைக்கவில்லை. சிறுத்தைக்கென்று யாரும் அந்தக் கம்பியை வைத்திருக்க மாட்டார்கள். தோட்டங்களில் பன்றிக்கு வைப்பதில்தான் சிறுத்தை மாட்டுகிறது. இங்கே முயலுக்கு வைத்ததில் அம்மம்மாவின் ஆடு மாட்டியது.

இதுவரைக்கும் வாசித்துவிட்டு, “நல்ல வேலை ரீச்சர்” என்று எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். இனிமேல்தான் நாங்கள் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு உற்சாகம் கூடிவிட்டது. வகுப்பறைக் கரும்பலகையின் ஓரத்தில் கழற்றிய கண்ணிகளை எண்ணி எழுதத் தொடங்கினோம். எந்தப் பிள்ளை எத்தனை எடுத்தது என்றும் எழுதினோம். கூட எடுத்த பிள்ளைக்குக் காலைக் கூட்டத்தில் கைதட்டு. கலாசாலையில் படித்தபோது மாணவரை ஊக்கப்படுத்தும் முறைகள் என்று ஒரு கட்டு நிறையக் குறிப்பு எழுதினோம். இவ்வளவு சின்ன ஊரில், ஒரு பிள்ளை கழற்றுகிற கண்ணி அந்தப் பிள்ளையின் வீட்டுக் கண்ணியாகவே இருக்கலாம் என்பது அந்தக் குறிப்பில் இல்லை. எங்கள் மண்டையிலும் இல்லை.

நான்காவது கிழமை, அதிகம் கழற்றிய பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் இன்னொரு பிள்ளை மெதுவாகச் சொன்னது: “அது அவன்ரை அப்பாவின்ரை கண்ணி, ரீச்சர். தெரிஞ்சுதான் கழற்றினவன்.”

பின்னேரம் அந்த வீட்டுக்குப் போனோம். பிள்ளையின் முதுகைப் பற்றி இங்கே எழுதவில்லை. தகப்பன் எங்களை இருக்கச் சொன்னார். தாய் தேத்தண்ணி தந்தார். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு அவர் கேட்டார்:

“ரீச்சர், என்ரை பிள்ளைக்கு என்னைக் கள்ளன் எண்டு படிப்பிச்சுப் போட்டியள். சரி. என்ரை வலை போனது உங்களுக்குத் தெரியுமோ?”

தெரியும் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. இழுவைமடித் தொழில் 2017இல் எங்கள் நாட்டில் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆனால் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை. கடனுக்கு வாங்கிய வலை அப்படியே போனவர்களில் அவரும் ஒருவர். கூலி வேலை இல்லாத நாட்களில் கண்ணி வைத்திருக்கிறார்.

“வைக்கிறவனைத் தேடி வந்திட்டியள். வாங்கிறவனைத் தேடிப் போனியளோ? போன வருசம் உங்கடை பள்ளிக்கூடப் பிரியாவிடைக்குத் தாரா வேணும் எண்டு கேட்டு விட்டது ஆர்?”

அது உண்மை. அந்தப் பிரியாவிடையில் காட்டுத் தாராக் கறி இருந்தது. நாங்கள் இருவரும் அங்கே இருந்தோம். ஒருவர் “இது ஹலால் இல்லை, எனக்கு வேண்டாம்” என்று சொல்லித் தப்பினார். மற்றவர் “இண்டைக்கு வெள்ளிக்கிழமை, மச்சம் இல்லை” என்று சொல்லித் தப்பினார். இரண்டும் பொய் இல்லை. கண்ணியில் கழுத்து நெரிபட்டுச் செத்தது முஸ்லிம்களுக்கு ஹராம், சட்டம் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னமே விலக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை விரதமும் உண்மை. ஆனால் அந்த மேசையில் சொல்லியிருக்க வேண்டியது அது இல்லை. “இதை வாங்கியது பிழை” என்று சொல்லியிருக்க வேண்டும். சக ஆசிரியர்கள், மூத்தவர்கள், ஏன் முகத்தை முறிப்பான் என்று இரண்டு பேரும் மார்க்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்ணி கழற்றப் போனோம்.

அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை அடுத்த திங்கள் வந்தான். கரும்பலகைக் கணக்கை அழித்துவிட்டோம்.

வாங்குகிறவர்களைப் பற்றி யோசித்தால் இது இன்றைய கதை இல்லை. ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி 1861இல் வெளியிட்ட இலங்கை விலங்குகள் பற்றிய நூலில், யாழ்ப்பாணத்தில் கடலாமையை உயிரோடு வைத்துக்கொண்டே துண்டு துண்டாக அறுத்து விற்றதைப் பதிந்திருக்கிறார். கேட்ட துண்டைக் கேட்ட அளவில் வெட்டிக் கொடுப்பார்களாம். ஆமை வாயைத் திறந்து மூடும், வாங்குகிறவர் காத்திருப்பார். 1840 ஒக்டோபரில் பாணந்துறையில் ஆமை இறைச்சி உண்ட 28 பேர் நோயில் விழுந்து, அவர்களில் 18 பேர் இறந்ததையும் அதே நூலில் எழுதியிருக்கிறார். ஆமை இறைச்சி சில வேளை நஞ்சாகும், சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கடலாமைகள் 1972இல் இருந்து சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஆனாலும் தீவுப் பகுதிகளில் ஆமை இறைச்சியோடு ஆட்கள் பிடிபடும் செய்தியை இன்றைக்கும் வாசிக்கிறோம். சட்டம் வந்து அரை நூற்றாண்டு போய்விட்டது, வாங்கும் கை இன்னும் நீள்கிறது.

மறுபக்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் என்று ஓர் ஊர். ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரவர்களே கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர் அங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஊரவர் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பசளை என்று அவர்களுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டி என்ற ஊரில் கண்மாய்ப் பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. வெடி கேட்டு அழும் சின்னப் பிள்ளைகள் அங்கேயும் இருப்பார்கள். ஊர் சேர்ந்து முடிவெடுத்ததால் நடக்கிறது.

நாங்கள் இப்போது செய்வது இவ்வளவுதான். எங்கள் ஆசிரியர் அறையில் பேசி, பாடசாலை விருந்து எதற்கும் காட்டு இறைச்சி வாங்குவதில்லை என்று முடிவெடுத்தோம். இரண்டு பேர் சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் எதிர்க்கவில்லை. கழற்றுகிற கண்ணி யாருடையது என்று பிள்ளைகள் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. ஒவ்வொரு குழுவோடும் ஒரு பெரியவர் போகிறார்.

உங்களிடம் கேட்பது நான்கு விடயங்கள்.

ஒன்று, வாங்காதீர்கள். பிறந்தநாள், பிரியாவிடை, வெளிநாட்டில் இருந்து வந்தவருக்கு விருந்து, எதுவானாலும் தாராவும் கொக்கும் ஆமையும் வேண்டாம். யாராவது வைத்தால், எங்களைப் போல விரதத்தையும் ஹலாலையும் சாட்டாமல், வேண்டாம் என்ற காரணத்தைச் சொல்லுங்கள்.

இரண்டு, கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று இருக்கும் வளவுச் சொந்தக்காரர்களே, உங்கள் வளவுக்குள் பிள்ளைகள் வந்து கண்ணி பார்க்க ஒரு சொல் அனுமதி தாருங்கள். உங்கள் காணி ஆளில்லாத காணி இல்லை என்று ஊருக்குத் தெரியட்டும். ஊருக்கு உதவ நினைக்கிறவர்கள், வலை இழந்த குடும்பங்களுக்கு வலை வாங்கிக் கொடுங்கள். எங்களிடம் காசு அனுப்ப வேண்டாம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தோடு நேரே கதையுங்கள். கண்ணியை விடு என்று சொல்ல எங்களால் முடிகிறது, அந்த மனிதருடைய வலைக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மூன்று, மாட்டிய பறவையைக் கண்டால் இழுக்காதீர்கள், இழுத்தால் இறுகும். முதலில் தலையை ஒரு துணியால் மூடுங்கள், இருட்டானால் அடங்கும். மூக்கு உங்கள் கண்ணுக்கு எட்டாமல் பிடியுங்கள். தங்கூசி தோலுக்குள் புதைந்திருக்கும், சின்னக் கத்தரிக்கோலின் மொட்டை முனையை உள்ளே விட்டு வெட்டுங்கள். முழுவதையும் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஒரு சுற்று மிஞ்சினாலும் கால் அழுகும். தடியையும் கயிற்றையும் சேற்றில் விட்டுவிட்டு வராதீர்கள், வைத்தவர் மறந்தாலும் அது பிடித்துக்கொண்டே இருக்கும்.

நான்கு, பெரிய அளவில் பிடித்து விற்கிறவர்களைக் கண்டால் நீங்களாகச் சண்டைக்குப் போகாதீர்கள், பிள்ளைகளை அனுப்பவே அனுப்பாதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவர்களுடைய கையில் இருக்கிறது.

அந்தத் தகப்பன் கண்ணியை விட்டுவிட்டாரா என்று கேட்பீர்கள். எங்களுக்குத் தெரியாது, நாங்கள் கேட்கவும் இல்லை. போன மாதம் குறிகட்டுவான் பஸ்சில் கண்டபோது, “ரீச்சர், பாலத்தடியில புதுசா நாலு வரிசை நிக்குது, என்ரை இல்லை” என்றார். போய்ப் பார்த்தோம். நின்றது. எடுத்தோம்.

மூன்று காலோடு அம்மம்மாவின் ஆடு நன்றாக வளர்ந்துவிட்டது. பாடசாலை வேலிக்குள் புகுந்து எங்கள் கத்தரிக்கன்றுகளைத் தின்கிறது.

வரும் சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பாடசாலை வாசலில் நிற்போம். வத்து நேரம் அதுதான். வரக்கூடிய பெரியவர்கள் வாருங்கள். சேற்றுக்குப் பழைய சப்பாத்து, ஒரு கத்தரிக்கோல், ஒரு பழைய சாரத் துண்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவாருங்கள். தண்ணீரை மறக்க வேண்டாம், பவுசர் அன்றைக்கு வராது.