கோப்புப் பகிர்வுக்கு ஆப்பு: காசு கொடுப்பவர் கையில் என்ன இருக்கிறது?

காரைக்காலுக்கு ஒரு விசேஷம் உண்டு. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், ஆனால் ஊர் புதுச்சேரிக்குச் சொந்தம். பக்கத்து நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆட்கள் வண்டியை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி வந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு போவார்கள். விலை வேறு, வரி வேறு, சட்டசபை வேறு.

ஆனால் இணையம் என்று வந்துவிட்டால் இந்த வித்தியாசமெல்லாம் காணாமல் போய்விடும். தொலைத்தொடர்புக் கணக்கில் காரைக்கால் தமிழ்நாடு வட்டத்தில்தான் வருகிறது. உயர் நீதிமன்றமும் சென்னையில் இருப்பதேதான். அங்கே ஒரு உத்தரவு போட்டால் இங்கே பாரதியார் சாலையில் ஒரு கணினித் திரை வெறுமையாகிவிடும். அப்படி ஒரு முறை ஆனது. அந்தக் கதைதான் இது.

அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை. 2000-களின் பிற்பகுதியில் சின்ன ஊர்களில் பிராட்பேண்ட் என்றாலே பெரும்பாலும் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன்தான். அதில் 500 ரூபாய்த் திட்டம் ஒன்று. மாதத்துக்கு இரண்டரை ஜிபி, அதற்கு மேல் போனால் மீட்டர் ஓடும். ஆனால் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் இலவசம். அந்தக் காலத்து மாணவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. பரீட்சைக்குக்கூட அலாரம் வைக்காதவன் டொரண்டுக்கு 2 மணி அலாரம் வைப்பான். எட்டு மணிக்கு முன்னால் நிறுத்த மறந்து தூங்கிவிட்டால் மாதக் கடைசியில் அப்பாவிடம் பூசை :-)

இதுவும் ஒரு கட்டுப்பாடுதான். ஆனால் இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இன்ன நேரம் இலவசம், இன்ன நேரம் காசு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பிடித்திருந்தால் வாங்கலாம். சொல்லாமல் செய்கிற கட்டுப்பாடுதான் பிரச்சினை.

அதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் 2007-இல் நடந்தது. டொரண்ட் என்பது கூட்டாஞ்சோறு மாதிரி. கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, வாங்குகிறவனே அடுத்தவனுக்குக் கொடுத்துக்கொண்டும் இருப்பான். ராப் டோபோல்ஸ்கி என்பவர் காப்புரிமை காலாவதியான பழைய பாட்டுகளை இப்படிப் பகிரப் பார்த்தார். போகவே இல்லை. மனிதர் நெட்வொர்க் தெரிந்தவர், உட்கார்ந்து நோண்டினார். அவருடைய நிறுவனமான காம்காஸ்ட், இரண்டு பக்கத்துக்கும் நடுவில் புகுந்து 'இணைப்பு முடிந்தது' என்று பொய்த் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் போனில் பேசும்போது மூன்றாவது ஆள் குரலை மாற்றி "சரி, வைக்கிறேன்" என்று சொல்லிக் கட் பண்ணுகிற மாதிரி.

அவர் கண்டதை இணையத்தில் எழுதினார். ஏ.பி. செய்தி நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் தானே சோதித்துப் பார்த்தது. சோதனைக்கு எடுத்துக்கொண்ட கோப்பு பைபிள்! அதுவும் போகவில்லை. 2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் காம்காஸ்டுக்கு எதிராக உத்தரவு போட்டது. 2010-இல் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது வேறு விஷயம். ஆனால் அதற்குள் காம்காஸ்ட் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டிருந்தது. ஒரு வாடிக்கையாளர் ஆதாரத்தோடு எழுதியதால் வந்த மாற்றம் அது.

சரி, நம்ம ஊருக்கு வரலாம்.

'3' படம் ஞாபகம் இருக்கிறதா? கொலவெறி பாட்டு வந்த படம். 2012 மார்ச் 30-ஆம் தேதி வெளியானது. தயாரித்த ஆர்.கே. புரொடக்‌ஷன்ஸ் அதற்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்ப் படத்தைத் திருட்டுத்தனமாகப் பரப்பக்கூடாது என்று தடை வாங்கியிருந்தது. எதிர்த்தரப்பில் இணைய நிறுவனங்களோடு 'அசோக் குமார்' என்று ஒரு கற்பனை ஆசாமி. யார் திருடுவார்கள் என்று முன்னாலேயே தெரியாது என்பதால் இப்படிப் பெயர் போடுவது வழக்கம். வெளிநாட்டில் இதை ஜான் டோ என்பார்கள்.

தடை கேட்டதில் தப்பே இல்லை. கோடிக்கணக்கில் கடன் வாங்கிப் படம் எடுத்தவர், முதல் காட்சி முடிவதற்குள் சிடி வந்துவிட்டால் என்ன செய்வார்? கோளாறு அடுத்ததில்தான். மே மாதம் பல இணைய நிறுவனங்கள் திருட்டுப் படம் இருந்த பக்கத்தை மட்டும் மூடாமல் தளங்களையே மொத்தமாக மூடின. பைரேட் பே மட்டுமல்ல, விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் எல்லாம் போயின. பேஸ்ட்பின் வெறும் எழுத்துகளை ஒட்டிவைக்கிற இடம். அதில் எப்படிப் படம் பார்ப்பது என்று இன்று வரை யாரும் விளக்கவில்லை. படம் வெளியாகி ஒரு மாதத்துக்கு மேல் ஆகி, தியேட்டரில் ஓட்டமும் முடிந்த நேரம் அது!

காரைக்காலில் அப்போது ஒரு பொறியியல் மாணவன் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் இறக்க வேண்டும், அது டொரண்டில் சட்டப்படியே கிடைக்கிறது. செமினாருக்கு விமியோவில் ஒரு வீடியோ பார்க்க வேண்டும். திரையில் 'தடை செய்யப்பட்டுள்ளது' என்று ஒற்றை வரி. எந்தப் படத்துக்காக, எத்தனை நாளைக்கு, யாரிடம் கேட்பது? ஒன்றும் இல்லை. கஸ்டமர் கேரில் கேட்டால் "மோடத்தை அணைத்துப் போடுங்கள் சார்" என்பார்கள். வழக்கில் அவன் கட்சிக்காரன் இல்லை. ஆனால் தண்டனை அவனுக்கும் சேர்த்துத்தான். வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றால் சென்னையில் நாலு கடை இருக்கும். சின்ன ஊரில் ஒன்றோ இரண்டோதான். அதிலும் இதே கதை என்றால் எங்கே மாறுவது?

அப்போது இரண்டு விதமான எதிர்ப்பு நடந்தது. அனானிமஸ் என்ற பெயரில் சிலர் அரசுத் தளங்களைத் தாக்கி முடக்கினார்கள். ஜூன் 9-ஆம் தேதி பல நகரங்களில் முகமூடி போட்டுக்கொண்டு ஊர்வலமும் நடந்தது. டிவியில் நன்றாக இருந்தது. ஆனால் தடையை மாற்றியது நீதிமன்றத்துக்குப் போன மனு. இணைய நிறுவனங்கள் விளக்கம் கேட்டுப் போக, ஜூன் 22-ஆம் தேதி நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. தடை முழுத் தளத்துக்கு இல்லை, திருட்டுப் படம் இருக்கிற குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும். அந்த முகவரியைத் தயாரிப்பாளர் கொடுக்க வேண்டும், கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் மூட வேண்டும். இதில் கசப்பான விஷயம், அந்த மனுவில் வாடிக்கையாளர் இல்லை என்பதுதான். நிறுவனங்களுக்குத் தொல்லை வந்ததால் நமக்கும் வழி கிடைத்தது.

அந்த வழி நிலைக்கவும் இல்லை. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளில் 2,600-க்கும் மேற்பட்ட முகவரிகள் இருந்தன. அதில் இன்டர்நெட் ஆர்க்கைவும் மாட்டிக்கொண்டது. நூலகத்தில் கிடைக்காத பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் பிரதிகள் கிடக்கிற இடம் அது. 2018 நவம்பரில் '2.0' படத்துக்காக 12,000-க்கும் மேற்பட்ட தளங்கள். பட்டியல் நீள நீள, அதில் அப்பாவி யார் என்று பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

அப்படியானால் காசு கொடுப்பவருக்குச் சக்தியே இல்லையா? இருக்கிறது. 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையம் வழியாகப் பேசுவதற்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் திரும்ப வாங்கிக்கொண்டது. 2015 மார்ச்சில் டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்து கேட்டது. இப்படிக் கேட்டால் நிறுவனங்களும் நாலு வக்கீல்களும்தான் பதில் போடுவார்கள். அந்த முறை 10 லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் போனது. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, ஒரு தளத்துக்கு ஒரு விலை, இன்னொன்றுக்கு இன்னொரு விலை என்று வைக்கக்கூடாது என டிராய் விதியே போட்டுவிட்டது. பேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் மூட்டை கட்டியது. 2018 ஜூலையில், சட்டப்படியான எதையும் தடுக்கவோ வேகத்தைக் குறைக்கவோ கூடாது என்ற கொள்கையை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஏற்றுக்கொண்டது. அந்த மின்னஞ்சல் அனுப்ப சென்னையில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. திருநள்ளாற்றில் இருந்து போனதும் டெல்லியில் இருந்து போனதும் ஒரே கணக்கு.

தனி ஆளுக்கும் வழி உண்டு. புகார் சொன்னால் எண் வாங்க வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். இது 2012-ஆம் ஆண்டு டிராய் விதி. 2009-இல் உச்ச நீதிமன்றம், தொலைபேசித் தகராறுக்கு நுகர்வோர் மன்றம் போக முடியாது என்று ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதைக் காட்டியே பல நிறுவனங்கள் தப்பித்தன. 2022 பிப்ரவரியில் வோடபோன் ஐடியா வழக்கில் உச்ச நீதிமன்றம், போகலாம் என்று சொல்லிவிட்டது. அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது.

நீதிமன்ற உத்தரவை எந்த நிறுவனமும் மீற முடியாது, அதை மீறச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் எந்த உத்தரவு, எந்தப் பக்கம் என்று திரையில் நாலு வரி எழுதிப் போடலாம் அல்லவா? அதைக் கேட்க சட்டம் படித்திருக்க வேண்டாம். மாதாமாதம் பில் கட்டுகிறவராக இருந்தால் போதும். 2 மணி அலாரம் வைத்து எழுந்த தலைமுறைக்கு ஒரு புகார் எழுதப் பத்து நிமிடம் கிடைக்காதா என்ன?