கட்டம் தட்டின கதை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலைங்க. ஆபீஸ் வேலை, டொராண்டோ குளிர்னு வழக்கமான சாக்குதான். இப்ப எழுத வச்சது, பையன் பிறந்தநாளுக்குக் கேட்ட பேட் கன்ட்ரோலர்.

தெரியாதவங்களுக்கு: ரப்பர் கட்டங்கள் வச்ச ஒரு பலகை. கம்ப்யூட்டர்ல செருகிட்டுத் தட்டினா, நாம ஏத்தி வச்ச சத்தம் வரும். அபார்ட்மெண்ட்ல மேளம் அடிச்சா கீழ்வீட்டுக்காரர் வந்து நிப்பார். ஹெட்போன் போட்டுத் தட்டினா யாருக்கும் தொந்தரவில்லை.

பையன் கண்ணு நோவேஷன் லாஞ்ச்பேட் மினி எம்கே3 மேல. 64 கட்டம், கலர் கலரா விளக்கு. நான் பார்த்து வச்சது அக்காய் எம்பிடி218. வெறும் 16 கட்டம். 1988ல ரோஜர் லின் வடிவமைச்சு அக்காய் விட்ட எம்பிசி60ல இருந்த அதே நாலுக்கு நாலு. "இது கால்வாசிதான்ப்பா"ன்னுட்டான்.

சரின்னு நண்பர்கிட்ட மினியை ஒரு வாரம் இரவல் வாங்கினோம்.

போன தடவை அகளி போனப்ப, பக்கத்து ஊர் இருளர் அண்ணன் ஒருத்தர் பொறை அடிச்சதை, அவர்கிட்டக் கேட்டுட்டுத்தான் போன்ல பதிஞ்சிருந்தேன். நஞ்சியம்மாவுக்கு 2022ல தேசிய விருது அறிவிச்ச பிறகு எங்க அட்டப்பாடிப் பாட்டு ஊருக்கெல்லாம் தெரியும். எனக்கு அது சின்ன வயசுல ராத்திரி தூரத்துல கேட்ட சத்தம். பையன் அதுல ஒரு அடியை வெட்டிக் கட்டத்துல வச்சு, தாளம் தட்டினான். பெருமையா அண்ணனுக்கு வாட்ஸப்ல அனுப்பினேன்.

"அடி சரிதான் தம்பி. அடிக்கிற ஆளைக் காணோமே"ன்னார்.

அப்புறம்தான் புரிஞ்சது. மிடி முறையில ஒரு அடியோட பலத்தை 1 முதல் 127 வரை சொல்லலாம். மினி கட்டத்துக்கு அந்த உணர்ச்சி கிடையாது. தடவினாலும் குத்தினாலும் ஒரே அளவு. அதைக் குறை சொல்லக் கூடாது. ஏபிள்டன் லைவ்ல பாட்டுத் துண்டுகளை ஓட விட வந்த பலகை அது; அதுக்கு 64 கட்டம் ரொம்ப வசதி. எம்பிடி218 விரலோட பலத்தை உணரும். 64 கட்டமும் வேணும், பலமும் தெரியணும்னா லாஞ்ச்பேட் எக்ஸ் இருக்கு, விலை கூட.

எம்பிடியே வாங்கினோம். அப்பவும் சரியா வரலை. பலமான அடியோட சத்தத்தைக் குறைச்சா அது மெதுவான அடி ஆயிடாதுங்க. தோல் அதிர்ற விதமே வேற. மெதுவா, நடுத்தரமா, ஓங்கின்னு தனித்தனியாப் பதிஞ்சு அடுக்கணும்.

அதுக்கு அண்ணன் வேணுமே?

வீட்டுல நான் தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்றவன், போன ஞாயித்துக்கிழமை அவனே போனை எடுத்தான். "பெரியப்பா, மெதுவா ஒருக்கா அடிங்க." இன்னொருக்கா. இன்னும் மெதுவா. முக்கால் மணி நேரம்.

நான் பக்கத்து ரூம்ல உக்காந்து கேட்டுட்டே இருந்தேன்.