கைப்பிடியிலிருந்து சக்கரம் வரை

மிதிவண்டி நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நெடுங்காலம் உழைத்த ஊழியன். உபதேசியார் ஊர் ஊராகச் சென்று ஞானோபதேசம் கற்பித்ததும், ஆசிரியர் கிளைக் கிராமத்துப் பள்ளிக்குச் சென்றதும், பிள்ளைகள் தந்தைக்குப் பின்னால் அமர்ந்து ஞாயிறு பூசைக்கு வந்ததும் அதன்மீதுதான். அந்த வண்டியின் பிரேக் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். பிடியை இழுத்தால் இரும்புக் கம்பி இழுபடும். கம்பி, ரப்பர் கட்டைகளை ரிம்மோடு அழுத்தும். எது தளர்ந்தது என்பதைச் சிறுவனும் சுட்டிக் காட்டிவிடுவான்.

இன்று நம் பிள்ளைகள் ஆசைப்படும் மலைப்பாதைச் சைக்கிள் வேறு வகையானது. அதிலும் விலை கூடிய வண்டிகளில் கம்பியும் இல்லை, கேபிளும் இல்லை. கைப்பிடியிலிருந்து சக்கரத்தின் நடுவிலுள்ள எஃகுத் தட்டுவரை ஒரு கருங்குழாய் ஓடுகிறது; அதனுள் எண்ணெய் நிறைந்திருக்கிறது. உள்ளே நடப்பதை யாரும் காண முடியாது. அத்தகைய வண்டியைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் அந்தக் குழாயைப் பற்றிச் சிறிதேனும் அறிந்திருப்பது நல்லது என்பதனாலேயே இதை எழுதலானேன்.

இதன் அடிப்படை விதியை வகுத்தவர் பிளேஸ் பஸ்கால் (1623–1662) என்னும் பிரெஞ்சு அறிஞர். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்று அவர் காட்டினார். அவ்வாய்வு அவர் இறந்த பின், 1663-இல் அச்சேறியது. விஞ்ஞானியாகிய அவரே ஆழ்ந்த விசுவாசியுமாவார். 1654 நவம்பர் 23-ஆம் நாள் இரவு தமக்குக் கிட்டிய இறையனுபவத்தை எழுதி, அதை அங்கியின் உட்புறம் தைத்துச் சாகும்வரை சுமந்தவர். அவர் பிறந்த 400-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜூன் 19 அன்று ஒரு திருத்தூது மடலே வெளியிட்டார்.

அவ்விதி சைக்கிளில் வேலை செய்யும் முறை எளியது. கைப்பிடியருகே சிறிய பிஸ்டன். சக்கரத்தருகே பெரிய பிஸ்டன்கள். கீழுள்ளதன் பரப்பு மேலுள்ளதைப் போல் நான்கு மடங்கானால், விரல் கொடுத்த விசை நான்கு மடங்காகிக் கட்டைகளைத் தட்டோடு அழுத்தும். எண்ணெய் எளிதில் சுருங்காது. ஆகவே மேலே தள்ளியது கீழே தவறாமல் சென்று சேரும். காற்றோ சுருங்கும். குழாயினுள் ஒரு குமிழி புகுந்தாலும், விரலின் விசை அதைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பிடி பஞ்சுபோல் அமுங்கும், சக்கரம் நிற்காது.

நான் விழுப்புரம் சந்திப்பில் ரயில் பெட்டிகளின் பராமரிப்பில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். ஐந்து திசைகளுக்கு இருப்புப்பாதை பிரியும் அந்த நிலையத்தில், பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே தொங்கும் பிரேக் குழாய்களைப் பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. திண்டிவனத்தில் வாழும் என் மகளின் மூத்த பையன் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். குவைத்திலிருக்கும் மருமகன் அனுப்பிய பணத்தில் அவனுக்கு ஒரு மலைப்பாதைச் சைக்கிள் வாங்கினார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் தோழர்களுடன் செஞ்சிக்குப் புறப்பட்டு விடுவான். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் நிற்கும் அந்தக் கோட்டை, 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. கோட்டையைச் சுற்றிய கற்பாறைப் பாதைகளே பையன்களுக்கு இன்பம்.

சில மாதங்களில் பின் பிரேக் மென்மையாயிற்று. அவன் காட்டிய கடையில், மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் பிரேக் ஆயிலை ஊற்றிக் கொடுத்தார்கள். அவன் வண்டிக்குரியதோ மினரல் ஆயில். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை. ஒன்றுக்கான ரப்பர் வளையத்தை மற்றது கெடுத்துவிடும். ஒரு மாலை மேம்பாலத்துச் சரிவில் இறங்கும்போது பின்பிடி கைப்பிடிவரை தொட்டுவிட்டது. முன் பிரேக் பிடித்ததால், முன்னே நின்ற லாரிக்குச் சில அடி தூரத்தில் வண்டி நின்றது. ஆண்டவர் காத்தார்.

மகள் தொலைபேசியில் அழுதாள். “அப்பா, இந்த வண்டியை விற்றுவிடச் சொல்லுங்கள்” என்றாள். விற்றால் வாங்குபவனும் ஒரு தாயின் பிள்ளைதானே என்றேன். மறுநாள் காலை ரயிலில் திண்டிவனம் சென்றேன்.

பிரித்துப் பார்க்கையில் பிஸ்டனின் ரப்பர் வளையங்கள் உப்பிக் கிடந்தன. பிடி முதல் கீழ்ப்பகுதிவரை பின் பிரேக் முழுவதையும் மாற்றுவதே முறை. புதியது நீண்ட குழாயோடு வந்தது. அதை வண்டியில் ஓட்டிச் செல்லும் வழியை அமைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. குழாய் எங்கும் மடியலாகாது. பெரிய வளைவாக இறங்க வேண்டும். ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுவதும் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போது குழாய் இழுபட்டால் நீளம் போதாது. டயரையோ ஆரக்கம்பிகளையோ தொட்டால் நீளம் மிகுதி. மிகுதியாக விட்ட வளையம் முட்செடியில் மாட்டும். சட்டத்தோடு கட்டும் பிளாஸ்டிக் பட்டையை நெரிக்குமளவு இறுக்கலாகாது. சட்டத்தில் உராயுமிடத்தில் ஒரு ரப்பர்த் துண்டை ஒட்டிவிட வேண்டும். உராய்வு நாளடைவில் குழாயையும் தின்னும், இரும்பையும் தின்னும்.

மிகுந்த குழாயைக் கூரிய அலகால் நேராக வெட்டினோம். நுனியில் செருகும் சிறு குழலும் அதை இறுக்கும் பித்தளை வளையமும் ஒருமுறைக்கே உரியவை. பழையதை மீண்டும் போடலாகாது. பிறகு காற்றை வெளியேற்றும் வேலை. சக்கரத்தையும் கட்டைகளையும் கழற்றி வைத்து, பிஸ்டன்களுக்கு நடுவே ஒரு துண்டைச் செருகி, பிடியைச் சமமட்டத்தில் வைத்தோம். எண்ணெய் பட்ட கட்டை பிடிக்காது; ஆகவேதான் அவற்றை அப்பால் வைப்பது. கீழிருந்து ஊசிக்குழலால் மினரல் ஆயிலை ஏற்றினால், மேலே பொருத்திய சிறு கிண்ணத்தில் குமிழிகள் வந்து உடையும். குழாயை மெல்லத் தட்டத் தட்ட, ஒளிந்திருந்தவையும் புறப்பட்டு வரும். “தாத்தா, இன்னும் வருகிறதே!” என்று பேரன் சலித்துக்கொண்டான். வருவது நின்றபின் நிறுத்தலாம் என்றேன். ஏறக்குறைய ஒரு மணி நேரமாயிற்று. பின்னர் பிடியை இறுக அழுத்திப் பிடிக்கச் சொல்லி, இணைப்புகளில் வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பார்த்தோம். கசிவு இல்லை.

அப்போது அவனுக்கு ஒன்றை விளக்கினேன். ரயிலின் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிற்கும். வழியில் குழாய் பிரிந்தால் காற்று வெளியேறும். உடனே பிரேக் தானாகவே பிடித்து வண்டியை நிறுத்தும். குற்றம் நேர்ந்தாலும் காக்கும்படி அமைத்திருக்கிறார்கள். சைக்கிளின் குழாயோ அதற்கு நேர் எதிரானது. அது அறுந்தால் பிரேக் போய்விடும். ஆகவே ரயிலைப் பார்ப்பதைவிடக் கூடுதலான கவனத்தோடு இதைப் பார்க்க வேண்டும்.

வீட்டிலே கடைப்பிடிக்க வேண்டியவை சில. பிடியின் மூடியில் எந்த ஆயில் என்று பொறித்திருக்கும். கடையில் அதைக் காட்டிய பின்பே ஊற்ற விடுங்கள். பஞ்சர் ஒட்ட வண்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்பது நம் வழக்கம். இவ்வண்டியில் அப்படிச் செய்தால் மேலுள்ள கிண்ணத்துக் காற்று குழாயினுள் புகக்கூடும்; நிமிர்த்தியபின் பலமுறை பிடியை அழுத்திப் பார்த்தே ஏற வேண்டும். சக்கரம் கழன்றிருக்கும்போது பிடியைத் தொடலாகாது. பிஸ்டன்கள் நெருங்கி, தட்டு மீண்டும் நுழையாது. தட்டில் வீட்டு எண்ணெய் ஒரு துளியும் படக்கூடாது. ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைப்பது போதும். நெடுஞ்சரிவு இறங்கியவுடன் தட்டைத் தொட்டால் விரல் வெந்துவிடும் என்பதையும் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

புது வண்டி வாங்கினால் பங்குத் தந்தையிடம் கொண்டுசென்று மந்திரித்துக்கொள்வது நம் நல்ல வழக்கம். அது என்றும் தொடரட்டும். ஆயினும் ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை தூண்டியபோது, வானதூதர் தாங்குவார் என்பதை நம்பி நம் ஆண்டவர் குதிக்கவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். இறைப் பராமரிப்பை நம்புகிறவன் தன் கடமையை விட்டுவிடுவதில்லை. வாசலில் சிலுவை அடையாளம் வரைந்து புறப்படும் பிள்ளை, அதே கையால் இரு பிடிகளையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறட்டும். பிடி உறுதியாக நின்றால் மட்டும் சாலையில் இறங்கட்டும். பஞ்சுபோல் அமுங்கினால் அன்று பேருந்தில் போகட்டும். அதைச் சொல்லிக் கொடுப்பதும் பெற்றோரின் வேண்டுதல்களில் ஒன்றே.